தேர்வான பிறகு எட்டு வாரங்கள்: எல்லையோரக் கிராமத்திலிருந்து ராணுவப் பயிற்சிக்குப் புறப்பட்ட ஓர் இளைஞனின் ஆயத்தம்

பிப்ரவரி மாதக் கடைசியில் ஒரு விடியற்காலை. மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து இடது காலின் முன்னெலும்பை விரலால் அமுக்கிக்கொண்டிருந்தான் அவன். என்னைக் கண்டதும் கையை எடுத்துவிட்டு எழுந்து நின்றான்.

"என்ன தம்பி, வலிக்கிறதா?"

"இல்லை அண்ணா, சும்மா."

அதற்கு நான்கு நாட்கள் முன்புதான் தேர்ச்சிப் பட்டியலில் அவன் எண் வந்திருந்தது. ஊரில் பட்டாசு வெடித்தார்கள். ஏப்ரல் இறுதியில் புறப்பட வேண்டும். இடையில் இருந்தவை எட்டு வாரங்கள். அந்த எட்டு வாரங்களில் என்ன நடந்தது, எதைச் சரியாகச் செய்தோம், எதைத் தவறவிட்டோம் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். அவனும் அவன் அம்மாவும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். பெயரையும் வீட்டின் அடையாளத்தையும் விட்டுவிட்டேன்.

நான் காலாட்படையில் 17 ஆண்டுகள் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம், விடியற்காலையில் பையன்களை ஓட வைக்கிறேன். காசு வாங்குவதில்லை. இதுவரை நான் பயிற்சி கொடுத்ததெல்லாம் தேர்வில் வெல்வதற்குத்தான். 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் 60 மதிப்பெண், 10 முறை கம்பியில் தொங்கி மேலேறினால் 40 மதிப்பெண், 9 அடிப் பள்ளம் தாண்டல், வளைந்து செல்லும் கட்டையில் சமநிலை நடை. தேர்ச்சி வந்துவிட்டால் கையைக் குலுக்கி, "நன்றாகப் போய் வா" என்று அனுப்பிவிடுவேன்.

அது போதாது என்பதை முந்தைய ஆண்டில் கற்றுக்கொண்டேன். அப்போது அனுப்பிய ஒரு பையனைப் புறப்படும் நாள் வரை தார் ரோட்டில் ஓட வைத்தேன். உடல் சூடு ஆறக் கூடாது என்பது என் எண்ணம். பயிற்சி மையத்தில் நான்காவது வாரத்தில் அவன் காலில் எலும்பு விரிசல் கண்டது. மருத்துவமனைப் படுக்கை, அதன்பின் மாதக் கணக்கில் ஓய்வு, பிறகு தன் கூட்டத்தை விட்டு அடுத்த கூட்டத்தில் சேர்க்கப்பட்டான். பயிற்சி மையத்தில் அதை 'ரெலிகேட்' என்பார்கள். கூட வந்தவர்கள் கசம் பரேடில் உறுதிமொழி எடுத்து முடித்துப் போகும்போது ஓரமாக நின்று பார்க்கும் வேதனை, அதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். அந்தப் பையன் இன்று நன்றாக இருக்கிறான். ஆனாலும் அந்த விரிசலில் என் பங்கு உண்டு.

கால்

'சும்மா' என்ற பையனை உட்கார வைத்து, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை முன்னெலும்பின் உள்விளிம்பில் கட்டை விரலால் அமுக்கிக்கொண்டே வந்தேன். பாதிக்குக் கீழே ஓரிடத்தில் முகம் சுளித்தான். பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். இன்னும் கீழே அமுக்க அமுக்க வலி தொடர்ந்தது. அது நின்ற இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 9 சென்டிமீட்டர்.

இந்த அளவு முக்கியம். வலி ஒரு விரல் நீளத்துக்குப் பரவியிருந்தால் பெரும்பாலும் எலும்பைச் சுற்றியுள்ள உறையும் தசைப் பிடிப்பும் நொந்திருக்கின்றன என்று பொருள். ஒரு ரூபாய்க் காசு மறைக்கும் அளவு இடத்தில் மட்டும் கூர்மையாக வலித்தாலோ, ஒற்றைக் காலில் குதிக்கும்போது அதே இடத்தில் சுரீரென்றாலோ, இரவில் படுத்த பிறகும் வலித்தாலோ, எலும்பிலேயே விரிசல் இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். நான் மருத்துவன் அல்லன். அதனால் அன்றைக்கே அவனைப் பொள்ளாச்சியில் ஓர் எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. "தெரியவில்லை என்பதால் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விரிசல் இருந்தாலும் முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் பிடிபடாது. வலி ஒரே இடத்தில் குவிந்தால் உடனே வாருங்கள், எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கலாம்" என்றார் அவர்.

ராணுவத்தாருக்கு இந்த விரிசல் புதிதல்ல. 1855லேயே பிரஷ்யப் படையின் மருத்துவர் பிரைத்ஹாப்ட் என்பவர் நீண்ட நடைக்குப் பிறகு வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதை எழுதி வைத்திருக்கிறார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது அதற்கு 40 ஆண்டுகள் கழித்து, 1895ல். காரணம் இதுதான். எலும்பு உயிருள்ள பொருள். பழக்கமில்லாத சுமை ஏறும்போது, பழைய எலும்பைக் கரைக்கும் செல்கள் முதலில் வேலையைத் தொடங்குகின்றன. புதிய எலும்பைக் கட்டும் செல்கள் பின்னால்தான் வருகின்றன. கரைப்பது சில வாரங்களில் முடிந்துவிடும். கட்டுவதற்கு மாதங்கள் ஆகும். வீட்டை இடித்துக் கட்டும்போது கூரை இல்லாத நாட்கள் சில இருக்குமே, அதைப் போன்றது இந்த இடைவெளி. அந்த நாட்களில் சுமையைக் கூட்டினால் நுண்ணிய கீறல்கள் விழுந்து, சேர்ந்து, விரிசலாகின்றன. நான் அனுப்பிய பையன் நான்காவது வாரத்தில் விழுந்ததற்கு இதுதான் விளக்கம்.

இவன் விஷயத்தில் சுமை எங்கிருந்து வந்தது என்று தேடினேன். தேர்ச்சி வந்த மகிழ்ச்சியில், நான் சொல்லாமலேயே, காலையும் மாலையும் ஓடத் தொடங்கியிருந்தான். முன்பு நாளுக்கு 4 கிலோமீட்டர். இப்போது வேலந்தாவளம் போகிற தார் ரோட்டில் 11 கிலோமீட்டர். "அங்கே போய்ச் சிரமப்படக் கூடாதே அண்ணா" என்றான். அவன் ஷூவைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். 14 மாதம் ஆன ஷூ. குதிகாலின் வெளி ஓரம் வழுவழுவென்று தேய்ந்து, உள்ளே இருக்கும் வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்த்தது. மேசையில் வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

பன்னிரண்டு நாட்கள் ஓட்டத்தை அடியோடு நிறுத்தினேன். அவன் கண்ணில் நீர் கோத்துவிட்டது. ஓடாமல் இருந்தால் தேர்வே கைவிட்டுப் போய்விடும் என்று நம்பினான். பதிலாகத் தோட்டத்துக் கிணற்றில் தினமும் அரை மணி நேரம் நீந்தச் சொன்னேன், சைக்கிள் மிதிக்கச் சொன்னேன். மூச்சு குறையாமல் இருக்க அதுவே போதும். பதின்மூன்றாம் நாள் கரிசல் காட்டு மண் பாதையில் நடை. பிறகு இரண்டு நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் நடை என்று கொஞ்சம் கொஞ்சமாக. ஒவ்வொரு நாளும் ஓட்டத்துக்கு முன்னும் மறுநாள் காலையிலும் அதே இடத்தில் கட்டை விரலால் அமுக்கி, எத்தனை சென்டிமீட்டர் வலிக்கிறது என்று அவனே குறிப்பேட்டில் எழுத வேண்டும். முதலில் 9. மூன்றாம் வாரம் 5. ஐந்தாம் வாரம் வெறும் கோடு.

ஆறாம் வாரத்தில் என் பழைய தோல் பூட்ஸ் ஒரு ஜோடியைக் கொடுத்தேன். நல்ல வேளை, அளவு பொருந்தியது. ஓட அல்ல, நடக்க மட்டும். முதல் நாள் 20 நிமிடம். மெல்லிய காலுறைக்கு மேல் கனத்த காலுறை. பயிற்சி மையத்தில் காலை உடைப்பது ஓட்டம் மட்டுமல்ல. அணிவகுப்பு மைதானத்தில் குதிகாலை ஓங்கித் தரையில் அடிக்கும் அடியும், நாள் முழுக்க நிற்கும் நிலையும் சேர்ந்துதான் உடைக்கின்றன. 5 நிமிடம் 30 விநாடியில் ஓடி முடிக்கிற பையனுக்கு அந்த அடி பழக்கமே இல்லை.

இன்னொன்றும் கண்டேன். அவர்கள் வீட்டில் இரண்டு கறவை மாடுகள். காலையும் மாலையும் பால் முழுக்க சொசைட்டிக்குப் போகிறது. பையன் குடிப்பது டீ. அந்த அம்மாவிடம், "தங்கச்சி, நாளுக்கு அரை லிட்டர் நிறுத்தி வை" என்றேன். அரை லிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 600 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 300க்கு மேல். எட்டு வாரத்தில் எலும்பு இரும்பாகிவிடாது, அது எனக்குத் தெரியும். ஆனால் கரைந்ததைக் கட்டுவதற்குச் சரக்கு வேண்டும் அல்லவா? ஊருக்கெல்லாம் பால் ஊற்றுகிற வீட்டுப் பிள்ளை பாலில்லாமல் படைக்குப் போவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

காகிதம்

எல்லையில் பிறந்தவனுக்கு இது தனிப் பாடு. எங்கள் பக்கம் வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீஸில் மலையாளம், படிப்பு பாதி இங்கே, பாதி அங்கே. இவன் பத்தாம் வகுப்பைக் கேரளத்தில் தமிழ்வழியில் படித்தான், பிளஸ் டூவைத் தமிழ்நாட்டுப் பக்கம் போய் முடித்தான். கோயம்புத்தூரில் ஆள்சேர்ப்பு அலுவலகம் இருக்கிறது, பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனால் இருப்பிடம் பாலக்காடு மாவட்டம் என்பதால் அவன் கோழிக்கோட்டு அலுவலகத்தின் கீழ்தான் வருவான். இது தெரியாமல் தவறான இடத்துக்கு விண்ணப்பித்து ஓர் ஆண்டை இழந்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன்.

சான்றிதழ்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் பரப்பி வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டோம். ராணுவத்துக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதுதான் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி. மற்றதெல்லாம் அதனோடு ஒத்துப்போக வேண்டும். அவன் பெயர் ஒரு தாளில் முன்னெழுத்தோடு, இன்னொன்றில் அப்பா பெயர் முழுவதுமாகப் பின்னால். அதைவிடப் பெரிய சிக்கல் அம்மாவின் பெயரில் இருந்த ழகரம். தமிழ்நாட்டுத் தாளில் ஆங்கிலத்தில் 'எல்' போட்டிருந்தார்கள், கேரளத் தாளில் 'இசட் எச்'. எங்களுக்கு ஒரே எழுத்து, ஒரே அம்மா. கம்ப்யூட்டருக்கு இரண்டு பெண்கள்.

கேரள அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயா மையத்தில் விண்ணப்பித்து வில்லேஜ் ஆபீஸிலிருந்து, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்ற 'ஒரே நபர்' சான்றிதழ் வாங்கினோம். ஆதாரைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு ஏற்பத் திருத்தினோம். திருமணமாகாதவர் என்ற சான்றிதழும் நன்னடத்தைச் சான்றிதழும் ஆறு மாதத்துக்குள் வாங்கியவையாக இருக்க வேண்டும். ஆள்சேர்ப்புப் பேரணிக்காக முன்பே வாங்கியவை கெடு தாண்டிக்கொண்டிருந்தன, மறுபடியும் வாங்கினோம். ஒரு மேசையில் மட்டும் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். அப்பா மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு அலைந்தார். பயிற்சிக்குக் கொடுக்க வேண்டிய இரண்டு வாரம் இதற்கே போனது. தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல் விண்ணப்பம் போடும்போதே இந்த ஒப்பீட்டைச் செய்திருக்க வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து.

பணம்

இதில் அதிகம் சொல்வதற்கில்லை, ஆனால் ஒரு விபத்தைத் தடுத்தோம். மகனுக்கு மாதம் 30,000 ரூபாய் என்று கேட்ட அப்பா, மாதம் 25,000 கட்டும் சீட்டில் சேரப் பேசி வைத்திருந்தார். நான்கு ஆண்டுப் பணிக்கு எடுக்கப்படும் இவனைப் போன்ற அக்னிவீரருக்கு முதல் ஆண்டில் 30,000 என்பது உண்மை. ஆனால் அதில் 30 சதவீதம், அதாவது 9,000 ரூபாய், சேவா நிதிக்குப் போகிறது. அரசும் அதே அளவு போடுகிறது. கையில் வருவது 21,000. நான்கு ஆண்டு முடிவில் வட்டியோடு 11.71 லட்சம் அளவில் கிடைக்கும். நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவோர் ஒரு கூட்டத்தில் 25 சதவீதம் வரை. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சீட்டில் சேரவில்லை.

வலிக்கு ஒரு சொல்

முந்தைய ஆண்டில் விழுந்த பையன் விடுப்பில் வந்தபோது அவனிடம் ஒரு நாள் முழுக்கப் பேசினேன். இரண்டாம் வாரமே வலித்திருக்கிறது. சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். ஒன்று, வலி என்றால் கோழை என்பார்கள் என்ற பயம். இன்னொன்று நான் நினைத்தே பாராதது. அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. கட்டளையெல்லாம் இந்தியில். அவனுக்குத் தெரிந்தது 'பைர் மேம் தர்த்' என்பது மட்டும். 'பைர்' என்றால் பாதமும்தான், காலும்தான். பூட்ஸ் கடித்திருக்கும் என்று நினைத்துப் பாதத்துக்குக் களிம்பு கொடுத்தார்கள். களிம்பைப் பூசிக்கொண்டு இன்னும் இரண்டு வாரம் ஓடியிருக்கிறான்.

இதைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 17 ஆண்டுகள் இந்தி பேசியவன் நான். சாவ்தான், விஷ்ராம், தாஹினே முட், பாயே முட், பீச்சே முட், தேஜ் சல் என்று கட்டளைகளையெல்லாம் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். வலிக்குச் சொல் கொடுக்கவில்லை.

இவனுக்குக் கொடுத்தேன். தினமும் நீச்சல் முடிந்து கிணற்று மேட்டில் உட்கார்ந்து அரை மணி நேரம் இந்திப் பாடம். முதலில் ஒன்று முதல் நூறு வரை எண்கள், ஏனென்றால் அங்கே தன் எண்ணைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கும். அடுத்து உடம்பு. குட்னா முழங்கால், ஏடி குதிகால், பிண்ட்லி கெண்டைக்கால், ஹட்டி எலும்பு, கமர் இடுப்பு. பிறகு எப்போதிலிருந்து, எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்று சொல்லும் சிறு வாக்கியங்கள். 'உஸ்தாத், மூன்று நாட்களாக எலும்பில் ஒரே இடத்தில் வலிக்கிறது' என்பதை இந்தியில் தடுமாறாமல் சொல்லும் வரை விடவில்லை. நான் உஸ்தாதாக, அதாவது பயிற்சியாளராக, நின்று அதட்டுவேன், அவன் விறைப்பாக நின்று சொல்ல வேண்டும். முதல் வாரம் என் குரலைக் கேட்டதுமே 'சும்மா' என்று பின்வாங்கினான். மூன்றாம் வாரம் கண்ணைப் பார்த்துச் சொன்னான்.

எது வலி, எது சோர்வு என்பதையும் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. இரண்டு காலும் ஒன்றுபோல் வலித்தால் சோர்வு, தூங்கினால் போய்விடும். ஒரு காலில் மட்டும், ஒரே இடத்தில், நாளுக்கு நாள் கூடினால் அதைச் சொல்லியாக வேண்டும். எல்லா வலிக்கும் கை தூக்கினால் பயிற்சி நடக்காது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வலியை மறைப்பவனை வீரன் என்று தட்டிக் கொடுக்கிற பழக்கம் எங்கள் ஊரில் மட்டுமல்ல, எல்லா மைதானத்திலும் இருக்கிறது. அதில் நானும் ஒருவனாக இருந்தேன்.

பெட்டி

கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று, பூட்டு ஒன்று, சாவி இரண்டு. சேர்க்கைத் தாளில் எழுதியிருந்தது தவிர வேறெதுவும் வேண்டாம் என்றேன். அம்மா முறுக்கும் ஊறுகாயும் கட்டி வைத்திருந்தார். முறுக்கு ரயிலுக்குப் போதும் என்று ஒரு பொட்டலம் மட்டும் அனுமதித்தேன். நகவெட்டியும் கால் பவுடரும் நானே வாங்கிக் கொடுத்தேன். நகத்தை நேராக வெட்ட வேண்டும், ஓரங்களை வளைத்து வெட்டினால் பூட்ஸுக்குள் சதையில் ஏறிவிடும். கோயில் நோன்பின்போது நண்பர்கள் தோளில் வாள் படம் பச்சை குத்தலாம் என்று இழுத்திருக்கிறார்கள். முன்கையின் உள்பக்கத்திலும் புறங்கையிலும் தவிர வேறு இடத்தில் பச்சை குத்தினால் சிக்கல் என்பதை நல்ல வேளையாக முன்பே சொல்லி வைத்திருந்தேன்.

அவனுக்குக் கிடைத்தது மெட்ராஸ் ரெஜிமென்ட். 1758ல் தோன்றிய படை, இந்தியக் காலாட்படையிலேயே மிகப் பழையது. மையம் நீலகிரியில், குன்னூரை அடுத்த வெலிங்டன். எங்கள் ஊரிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாகப் போனால் அரை நாள் பயணம். ஆனால் ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் போய்ச் சேர்ந்து அங்கிருந்துதான் அனுப்புவார்கள் என்பதால் முதலில் மேற்கே கோழிக்கோட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அம்மாவுக்கு இது புரியவே இல்லை. "மலை இந்தப் பக்கம் இருக்கிறது, இவன் ஏன் கடலைப் பார்த்துப் போகிறான்?" என்று பஸ் ஸ்டாண்டிலும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கீழே இறங்கி நின்றார். யாரும் அழவில்லை. பஸ் கிளம்பும்போது அவன் ஜன்னல் வழியாகக் குனிந்து, "அண்ணா, ஜீரோ சென்டிமீட்டர்" என்றான். அன்று காலையும் அமுக்கிப் பார்த்திருக்கிறான்.

பிறகு

ஏழாம் வாரத்தில் அவனோடு பேசினேன். காலில் தோல் உரிந்து இரண்டு கொப்புளம், ஒரு நகம் கறுத்தது. நான்காம் வாரத்தில் வலது குதிகாலில் வலி வந்திருக்கிறது. மூன்றாம் நாளே சொல்லிவிட்டான். நான்கு நாள் ஓட்டத்திலிருந்து விலக்கு கொடுத்தார்கள். அதோடு சரியாகிவிட்டது, கூட்டத்திலேயே தொடர்கிறான். ஒரே ஒருவனை வைத்து என் முறை சரி என்று நான் சாதிக்க மாட்டேன். அந்தக் குதிகால் வலி தானாகவே போயிருக்கவும் கூடும். ஆனால் அவன் சொன்னான், அதுவும் இடம் காட்டிச் சொன்னான் என்பது உறுதி.

ஒன்றை நான் தவறவிட்டேன். அது அவன் விஷயத்தில் அல்ல, அவன் அம்மா விஷயத்தில். போன முதல் நாட்களில் கைபேசி கிடையாது. அவர் தினமும் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு என் வீட்டு வாசலில் வந்து நிற்பார். "அண்ணா, ஏதாவது தெரிந்ததா?" என்பார். பதினாறு நாட்கள் இப்படியே போயின. இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை பையன் வேறொரு எண்ணிலிருந்து அழைத்திருக்கிறான், இரண்டு முறை. தெரியாத எண்ணை எடுத்தால் வங்கிப் பணம் போய்விடும் என்று யாரோ சொல்லியிருந்ததால், அவர் கையில் போனை வைத்துக்கொண்டு, அது மணியடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த ஞாயிறு வரை அவனுக்கு மறுபடி முறை வரவில்லை.

இந்த ஆண்டு மூன்று பையன்கள் புறப்படுகிறார்கள். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், ஷூவுக்கும் சான்றிதழுக்கும் மேலே, ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: ஞாயிற்றுக்கிழமை தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லி வை.